ஒரே பிடி, இரண்டு காலிபர்: .22 போட்டி பிஸ்டலை .32-க்கு மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

25 மீட்டர் ரேஞ்சில் .22 பிஸ்டலோடு இரண்டு மூன்று வருடம் பழகியவர்கள் ஒரு நாள் வந்து கேட்பார்கள்: "அண்ணா, இதையே சென்டர் ஃபயருக்கு மாத்திக்கலாமா?" சென்டர் ஃபயர் என்றால், அடியின் நடுவில் பின் அடித்து வெடிக்கும் பெரிய தோட்டாவில் சுடும் போட்டி. மாற்றலாம். ஆனால் எல்லாப் பிஸ்டலையும் மாற்ற முடியாது, எல்லா வழியிலும் மாற்றக் கூடாது. கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இந்த மாற்றம் யாருக்குத் தேவை?

ஆண்களுக்கான 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் சுட நினைப்பவர்களுக்கு. சர்வதேச விதிப்படி இந்தப் போட்டியில் காலிபர், அதாவது குண்டின் விட்டம், 7.62 மில்லிமீட்டரிலிருந்து 9.65 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். .22 என்பது 5.6 மில்லிமீட்டர். அதனால் அதை வைத்துக்கொண்டு இந்த வரிசையில் நிற்கவே முடியாது. .32 இந்த வரம்புக்குள் வரும்.

சென்டர் ஃபயர் ஒலிம்பிக்கில் இல்லை. உலக சாம்பியன்ஷிப்பிலும் நம் தேசியப் போட்டியிலும் இருக்கிறது. நமக்கு இதில் பெருமையான வரலாறும் உண்டு. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 600-க்கு 590 எடுத்து, அன்றைய உலக சாதனையைச் சமன் செய்தது இந்தப் போட்டியில்தான்.

பெண்களின் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் அடிப்படைச் சுற்று இதே அமைப்புதான்: 30 குண்டு நிதானம், 30 குண்டு வேகம். ஆனால் அது .22-இலேயே நடக்கிறது. அவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை.

.32-இல் தனியாக ஒரு பிஸ்டலே வாங்கிவிடலாமே?

வாங்கலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். என் யோசனை வேறு. போட்டி பிஸ்டலில் மிக விலை உயர்ந்த பாகம் எது என்று கேட்டால், நீங்களே மாதக்கணக்கில் அரத்தால் தேய்த்தும் மரப்பசை அப்பியும் உங்கள் உள்ளங்கைக்குப் பொருத்திய அந்த மரப்பிடிதான் என்பேன். அடுத்தது டிரிகர். அதன் முதல் இழுப்பு எங்கே முடிகிறது, இரண்டாவது எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பழக்கத்தைக் கடையில் வாங்க முடியாது.

கன்வர்ஷன் கிட், அதாவது காலிபரை மாற்றும் பாகங்களின் தொகுப்பு, பயன்படுவது இங்கேதான். பிடியும் டிரிகரும் கையோடு அப்படியே இருக்கும். மேலே இருப்பது மட்டும் மாறும். வேகச் சுற்றில் கை 45 பாகையில் கீழே இருந்து மேலே வந்து, குறி பிடித்து, சுட்டு முடிக்க மூன்று நொடிதான் கிடைக்கும். பிடியின் கோணம் ஒரு துளி வேறானாலும் முன்சைட் பின்சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் வந்து நிற்காது. இரண்டு தனித்தனிப் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகவே வருடக்கணக்கில் பாடுபடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கிட்டில் என்னென்ன இருக்கும்? பேரலை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. .22 தோட்டாவில் வெடிமருந்துத் தூண்டி அடிவிளிம்பைச் சுற்றி இருக்கும், ஃபயரிங் பின் அந்த விளிம்பில்தான் அடிக்கும். .32-இல் தூண்டி நடுவில் இருக்கும், அடியும் நடுவில் விழ வேண்டும். பின் அடிக்கும் இடமே வேறு என்பதால் போல்ட், அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் பாகம், மாறியாக வேண்டும்.

அடுத்தது அழுத்தம். இந்தப் பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றில் போல்ட்டைப் பூட்டி வைக்க எதுவும் கிடையாது. போல்ட்டின் எடையும் பின்னால் இருக்கும் சுருள்வில்லும் மட்டுமே, குண்டு பேரலை விட்டு வெளியேறும் வரை தோட்டாவைப் பிடித்து வைத்திருக்கின்றன. .32-இன் தள்ளு அதிகம் என்பதால் அதற்கேற்ற எடையில் போல்ட்டும், அதற்கேற்ற பலத்தில் வில்லும் வேண்டும். மேகசினும் வேறு, ஏனென்றால் தோட்டாவின் அளவே வேறு.

ஆகவே நல்ல கிட் என்றால் பேரல், போல்ட், வில், மேகசின் எல்லாம் ஒரே தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று பொருத்தப்பட்டு ஒரு முழு மேல்பாகமாக வரும். சிலவற்றில் பின்சைட்டும் அதனுடனேயே வரும்.

எந்தப் பிஸ்டல்களை இப்படி மாற்றலாம்?

நான் அதிகம் கையாண்டது வால்தர் ஜி.எஸ்.பி. 1968-இல் வந்த ஜெர்மன் பிஸ்டல். இன்றும் பழைய கிளப்புகளின் பெட்டிகளில் இருக்கிறது. மேகசின் டிரிகருக்கு முன்னால் இருக்கும், பார்க்கச் சதுரமாக, அழகே இல்லாமல் இருக்கும். ஆனால் அதை வடிவமைத்தவர்கள் மிக நன்றாக யோசித்திருக்கிறார்கள். மேல்பாகம் தனியாகக் கழன்று வரும். டிரிகரும் ஒரு முழுத் துண்டாகக் கழன்று வரும். .32 வடிவத்துக்கு ஜி.எஸ்.பி.-சி என்று பெயர்.

ஒரு காலத்தில் இதே அடிப்பாகத்தில் .22 ஷார்ட் மேல்பாகத்தையும் வைத்தார்கள். ரேபிட் ஃபயர் போட்டி அப்போது அந்தச் சின்னத் தோட்டாவில் நடந்தது. 2005-இல் விதி மாறி ரேபிட் ஃபயரும் .22 லாங் ரைஃபிளுக்கு வந்த பிறகு அந்த மேல்பாகங்களுக்கு வேலை இல்லாமல் போனது.

இத்தாலியின் பர்தினி நிறுவனம் .22-க்கு எஸ்.பி., .32-க்கு எச்.பி. என்று செய்கிறது. பெனெல்லி, ஹாமர்லி எஸ்.பி.20 ஆகியவற்றுக்கும் இரண்டு காலிபர் வடிவங்கள் உண்டு. ஒரே மாடல் பெயரிலேயே பழைய அடிப்பாகமும் புதியதும் வேறுபடலாம். அதனால் ஆர்டர் செய்யும் முன் உங்கள் பிஸ்டலின் வரிசை எண்ணைத் தயாரிப்பாளருக்கு எழுதி, இந்தக் கிட் இதற்குப் பொருந்தும் என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

.22-க்காக மட்டுமே வடிவமைக்கப்பட்ட பிஸ்டல்களும் நிறைய இருக்கின்றன. அவற்றுக்குக் கிட் கிடையாது. அங்கே ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

தெரிந்த லேத் பட்டறையில் பேரலைக் கடைந்து தரச் சொல்லலாமா?

கூடாது. தயவுசெய்து கூடாது. மேலே சொன்ன அழுத்தக் கணக்கு உங்கள் முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் நடக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் ஒவ்வொரு பேரலும் அதிக அழுத்தத் தோட்டாவால் சோதிக்கப்பட்டு முத்திரை குத்தப்பட்டு வருகிறது. பட்டறையில் செய்ததற்கு அந்தச் சோதனை இல்லை. சட்டமும் இதே பக்கம்தான்: உரிமம் இல்லாமல் துப்பாக்கியை மாற்றியமைப்பது ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின் கீழ் குற்றம். போட்டியில் உபகரணச் சோதனை மேசையைத் தாண்டுவதும் நடக்காது.

"32 போர்" தோட்டா எங்கும் கிடைக்கிறதே, அதையே போடலாமா?

மிக அதிகமாகக் குழம்பும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் "32 போர்" என்று இரண்டு வேறு தோட்டாக்களைச் சொல்கிறார்கள். கான்பூர் தொழிற்சாலை செய்யும் .32 ரிவால்வருக்குரியது .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங். .32 பிஸ்டலுக்குரியது .32 ஏ.சி.பி., அதாவது 7.65 பிரவுனிங். பெயரில் எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு. ஏ.சி.பி. குட்டையானது, அழுத்தம் கூடியது. சில .32 லாங் அறைகளில் அது நுழையவும் செய்யும், ஆபத்தே அதுதான். நுழைகிறது என்பதற்காக ஒருபோதும் சுடாதீர்கள்.

போட்டி பிஸ்டலுக்கு வேண்டியது .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங், அதிலும் வாட்கட்டர் வகை. இந்தக் குண்டின் முன்பக்கம் தட்டையாக இருக்கும். குண்டு முழுவதும் பித்தளைக் குப்பிக்குள் இறங்கி, வாயோடு வாயாக நிற்கும். தோட்டாவைப் பார்த்தால் குண்டே இல்லாதது போல இருக்கும். காகித இலக்கில் பஞ்சிங் மெஷின் போட்டது போலச் சுத்தமான வட்டத் துளை விழும்.

பிஸ்டலின் மேகசின் இந்த நீளத்துக்கு மட்டுமே செய்யப்பட்டது. ரிவால்வருக்கு வரும் உருண்டை மூக்குக் குண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மேகசினுக்குள் போகவே போகாது. காலிபர் பெயர் சரியாக இருந்தும் தோட்டா பயன்படாது. "எந்த .32 லாங்கும் ஓடும்" என்று ஒரு விற்பனையாளர் சொன்னதை நம்பி ஒரு பெட்டி வாங்கி, ரேஞ்சுக்கு வந்து திறந்து பார்த்து, அப்படியே மூடி வைத்தேன். அந்த வாரப் பயிற்சி போனது.

லாபுவா, ஃபியோக்கி போன்ற நிறுவனங்களின் வாட்கட்டர் நன்றாக ஓடும். 98 அல்லது 100 கிரெய்ன், அதாவது கிட்டத்தட்ட 6.4 கிராம் குண்டு. கிட் வாங்கும் முன்பே தோட்டா வரும் வழியை உறுதி செய்துகொள்ளுங்கள். இறக்குமதி தாமதமானால் பேரல் பெட்டியில் தூங்கும்.

இந்தியாவில் சட்டப்படி என்ன செய்ய வேண்டும்?

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் "ஆயுதம்" என்ற சொல் பாகங்களையும் சேர்த்தே குறிக்கிறது. அதனால் பேரலும் போல்ட்டும் கொண்ட கிட்டை உதிரி பாகம் என்று நினைத்து யாரிடமிருந்தும் கைமாற்றாக வாங்கக் கூடாது. உங்கள் உரிமத்தில் .22 மட்டும் இருந்தால், .32 மேல்பாகத்துக்கும் .32 தோட்டாவுக்கும் முதலில் அனுமதி பெற்று அதில் பதிவு செய்ய வேண்டும். மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகம், சென்னை போன்ற நகரங்களில் காவல் ஆணையர் அலுவலகம்.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. விளையாட்டு வீரர்களுக்கு அரசு அறிவிக்கைகளில் தனி வரம்பு இருக்கிறது. அது உங்கள் தகுதியைப் பொறுத்தது. இறக்குமதிக்கு மாநிலச் சங்கத்தின் வழியாகத் தேசிய ரைஃபிள் சங்கத்தை அணுகுங்கள்.

விண்ணப்பத்தில் வெறுமனே ".32" என்று எழுதாதீர்கள். ".32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங்" என்று முழுப் பெயரையும் எழுதுங்கள். மேலே சொன்ன குழப்பம் உரிமத்தில் ஏறிவிட்டால் தோட்டா வாங்கும்போது வந்து நிற்கும்.

ஜெர்மனியில் .32-ஐ முதலில் வாங்கி .22-ஐ கிட்டாக எடுப்பதாகச் சொல்கிறார்களே, ஏன்?

அது அவர்கள் சட்டம் தந்த வழக்கம். அங்கே உடைமை அட்டையில் பதிவான ஒரு துப்பாக்கிக்கு, அதே காலிபரிலோ சிறிய காலிபரிலோ மாற்று மேல்பாகம் வாங்கத் தனியாக முன் அனுமதி தேவையில்லை, வாங்கிய பின் பதிவு செய்தால் போதும். பெரிய காலிபருக்குப் போவதென்றால் அனுமதி வேண்டும். அதனால் பெரியதை முதலில் வாங்கிவிடுகிறார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு சலுகை இருப்பதாக நினைத்து யாரும் இறங்க வேண்டாம்.

உதைப்பு எவ்வளவு கூடும்?

போட்டி .22 குண்டு 2.6 கிராம், பிஸ்டலிலிருந்து நொடிக்குச் சுமார் 270 முதல் 300 மீட்டர் வேகத்தில் போகும். .32 வாட்கட்டர் 6.4 கிராம், சுமார் 220 முதல் 240 மீட்டர். எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால் .32-இன் தள்ளு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் அது அறை விழுவது போல் இருக்காது, கையைப் பின்னால் தள்ளுவது போல் இருக்கும். பயப்பட வேண்டியதில்லை. மணிக்கட்டைப் பூட்டிப் பிடிக்கும் பழக்கம் .22-இலேயே சரியாக வந்திருந்தால் ஒரு வாரத்தில் கை ஏற்றுக்கொள்ளும். வராமல் இருந்தால், இத்தனை நாள் .22 மறைத்து வைத்திருந்த தவறை .32 முதல் பத்து குண்டிலேயே காட்டிவிடும். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இந்தத் தோட்டா பிடிக்கும்.

சத்தமும் கூடுதல். காதில் பஞ்சு மாதிரி அடைப்பான் போதும் என்று இருந்தவர்கள் அதன் மேல் காதை முழுதாக மூடும் மஃப்பும் போடுங்கள்.

.38 வைத்தால் துளை பெரிதாக விழும், புள்ளி கூடுமே?

கூடாது. காகித இலக்கில் சந்தேகமான துளையை அளக்கும்போது, சென்டர் ஃபயர் போட்டியில் எல்லாக் காலிபருக்கும் 9.65 மில்லிமீட்டர் அளவுகோல்தான் வைப்பார்கள். .32-இல் சுட்டாலும் .38-இல் சுட்டாலும் கணக்கு ஒன்றே. உதைப்பு குறைவான .32 பக்கம் எல்லோரும் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சைட்டை எத்தனை கிளிக் மாற்ற வேண்டும்?

கிளிக் என்பது சைட் திருகு திரும்பும் ஒரு படி. பொதுவான எண் எதுவும் கிடையாது. 25 மீட்டருக்குள் .22 குண்டு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் விழும். மெதுவாகப் போகும் .32 ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் விழும். அப்படியானால் .32 கீழே படும் என்று தோன்றும். ஆனால் அது பேரலுக்குள் அதிக நேரம் இருக்கிறது, அந்த நேரத்தில் உதைப்பு பிஸ்டலின் மூக்கைத் தூக்கிவிடுகிறது. இந்த இரண்டில் எது வெல்லும் என்பது உங்கள் பிடியையும் பிஸ்டலின் எடையையும் பொறுத்தது. சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கிட் மாற்றிய பிறகு நிதானமாக ஐந்து ஐந்தாக நான்கு தொகுப்பு சுடுங்கள். முதல் தொகுப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள். மற்ற மூன்றின் நடுவைப் பார்த்து சைட்டைத் திருப்புங்கள். கிளிக் எண்ணிக்கையை பிஸ்டல் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டிவையுங்கள். பின்சைட் மேல்பாகத்தோடு வரும் மாடல் என்றால் இந்த வேலை பாதியாகக் குறையும்.

உபகரணச் சோதனையில் எதைக் கவனிப்பார்கள்?

.22-க்கு உள்ள அதே வரம்புகள்தான்: காலி மேகசினுடன் மொத்த எடை 1400 கிராமுக்குள், 300 × 150 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும், பேரல் 153 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, சைட்டுகளுக்கு இடையே 220 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, டிரிகர் குறைந்தது 1000 கிராம் எடையைத் தூக்க வேண்டும்.

.32 மேல்பாகம் .22-ஐ விடக் கனமாக இருக்கலாம். .22-இல் முன்னால் எடைக்கட்டி மாட்டியிருப்பவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டு வந்து, 1400-ஐத் தாண்டி மேசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். டிரிகரை ஒருமுறை சோதித்தால் போதாது. மேல்பாகம் மாற்றிய பிறகு மறுபடி எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பாருங்கள், வில்லின் அழுத்தம் கொஞ்சம் மாறியிருக்கக்கூடும்.

பழைய கிட் மலிவாக வருகிறது, எடுக்கலாமா?

அனுமதி கையில் இருந்தால் எடுக்கலாம். மூன்றைப் பாருங்கள். பேரலிலும் போல்ட்டிலும் இருக்கும் எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா? போல்ட் பின்னால் வந்து மோதும் பஃபர் ரப்பர் நொறுங்கிப் போயிருக்கிறதா? மேகசினின் உதடுகள் விரிந்திருக்கின்றனவா? ரப்பரையும் மேகசினையும் மாற்றிக்கொள்ளலாம், எண் பொருந்தாத போல்ட்டைத் தொடாதீர்கள்.

பழைய ஜி.எஸ்.பி.-சி கிட்டோடு சில சமயம் டிரிகர் துண்டும் வரும். அது 1360 கிராமுக்கு அமைக்கப்பட்டதாக இருக்கும், ஏனென்றால் சென்டர் ஃபயருக்கு அப்போது அதுதான் விதி. இப்போது 1000 போதும். அந்தத் துண்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு உங்கள் .22 டிரிகரையே பயன்படுத்துங்கள்.

மாற்றிய பிறகு அடிக்கடி சிக்குகிறது. என்ன காரணம்?

.32 லாங் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. 1896-இல் ரிவால்வருக்காகப் பிறந்த தோட்டா அது, மேகசினில் அடுக்குவதற்காகச் செய்ததல்ல. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டால் அது முன்னே நகராது. ஒவ்வொரு தோட்டாவையும் போட்டபின் முந்தையதன் விளிம்புக்கு முன்னால் இருக்கிறதா என்று பார்த்து அடுக்குங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

மீதிக்கு வில்லைப் பாருங்கள். எனக்கே நடந்திருக்கிறது. மாநிலப் போட்டிக்கு முந்தைய இரவு அவசரமாக மாற்றும்போது .22-இன் வில்லையே .32 போல்ட்டில் போட்டுவிட்டேன். காலையில் சோதனைக் குண்டுகளிலேயே போல்ட் வேகமாகப் பின்னால் வந்து இடிக்கும் சத்தம் கேட்டது, அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அன்றிலிருந்து இரண்டு வில்லையும் இரண்டு நிற டப்பாக்களில் வைக்கிறேன்.

பயிற்சியை எப்படிப் பிரித்துக்கொள்வது?

வருடத்தின் பெரும்பகுதி .22. தோட்டா விலை குறைவு, கற்றுக்கொள்வது அதே பாடம். போட்டிக்கு ஐந்தாறு வாரம் முன்னால் .32-க்கு மாறி, அதன் பிறகு திரும்பாமல் அதிலேயே இருங்கள். வாரத்துக்கு ஒருமுறை மேல்பாகத்தைக் கழற்றி மாட்டுவது கைக்கும் நல்லதல்ல, திருகுகளுக்கும் நல்லதல்ல. குண்டு இல்லாத உலர் பயிற்சி இரண்டு காலிபருக்கும் பொதுவானது, டிரிகர் ஒன்றுதானே. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: .22 மேல்பாகத்தில் காலி அறையில் அடித்தால் பின் அறையின் விளிம்பைக் கொத்திவிடக்கூடும். பிஸ்டலில் உலர் பயிற்சிக்கான அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள்.

வாட்கட்டர் வெறும் ஈயம். பேரலில் ஈயம் ஒட்டும், 100 குண்டுக்கு ஒருமுறை பித்தளை பிரஷ் போடுங்கள். கையைக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள்.

சீசன் முடிந்து .22-க்குத் திரும்பும்போது ஏதாவது கவனிக்க வேண்டுமா?

முதலில் .32 தோட்டாக்கள் முழுவதையும் பெட்டியிலிருந்து எடுத்து வேறு இடத்தில் பூட்டுங்கள். மேல்பாகத்தை மாட்டி, திருகை விதித்த அளவுக்கு இறுக்கி, எழுதி ஒட்டிய கிளிக்குக்கு சைட்டைத் திருப்புங்கள். பிறகு சுடும்போது முதல் இருபது முப்பது குண்டு இலக்கில் கீழே விழும். பேரலைச் சந்தேகிக்காதீர்கள். வராத உதைப்பை எதிர்பார்த்து கை முன்கூட்டியே அழுத்துகிறது. வெடிமருந்து இல்லாத போலித் தோட்டா ஒன்றை நண்பரிடம் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் நடுவில் கலந்து போடச் சொல்லுங்கள். வெடிக்காத அந்த ஒரு முறையில் முன்சைட் எவ்வளவு தாழ்கிறது என்று பாருங்கள். அது அசையாமல் நிற்கும் நாளில் சைட்டைத் தொடலாம்.